கடைசிப் பெட்டி வரும்வரை
(பொம்மையார்பாளையத்தில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'நிலக்காட்சியில் சரக்கு ரயில்' என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "ரயிலே இல்லாத ஊரில் ரயிலைப் பற்றிப் பேசப் போகிறீரா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. மரக்காணம் உப்பளங்களிலிருந்து இந்தப் பொம்மையார்பாளையம் வரை இருப்புப்பாதை கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஒரு பாதை திட்டமிடப்பட்டு ஆண்டுகள் பல கடந்தும், இந்தக் கரையில் ஒரு தண்டவாளமும் பதிக்கப்படவில்லை. மரக்காணத்து உப்பு லாரியில்தான் போகிறது. அதற்கு முன்னே, ஆந்திரக் கரையிலிருந்து வந்து மரக்காணத்தில் முடியும் பக்கிங்காம் கால்வாயே இந்தக் கரையின் சரக்குப் பாதையாக இருந்தது. படகுகளே நமது சரக்கு வண்டிகள். ரயிலைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே திண்டிவனத்துக்கோ தெற்கே புதுச்சேரிக்கோதான் நாம் போக வேண்டும்.

சரக்கு ரயிலின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. இந்தியாவில் முதன்முதல் ஓடிய ரயில் பயணிகளை ஏற்றிச் சென்றதன்று. 1837இல் சென்னையை அடுத்த செங்குன்றத்தில், சாலை போடுவதற்கான கல்லைச் சுமந்துகொண்டு ஓடியது அது. புகைப்படக் கலை பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல். ஆகவே நம் நாட்டின் முதல் சரக்கு ரயிலுக்குப் படம் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. பயணிகள் ரயில் 1853இல் பம்பாயிலும் 1856இல் இராயபுரத்திலும் புறப்பட்டபோது விழாவும் வரவேற்பும் இருந்தன. கல் சுமந்த வண்டியை வழியனுப்பியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. சுமப்பவருக்கு வரலாற்றில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

தொழில் நுட்பத்தைச் சற்றே சொல்லுகிறேன். ஒரு முழு நிலக்கரி ரயிலில் ஏறத்தாழ 58 பெட்டிகள் இருக்கும். எஞ்சினையும் சேர்த்தால் அதன் நீளம் அறுநூறு மீட்டரைத் தாண்டும். பக்கத்தில் நின்று படமெடுத்தால் நாலு பெட்டிகள்தான் விழும். அது ரயிலின் படமாகாது, இரும்பின் படமாகும். முழுவதும் விழவேண்டுமானால் விலகி நிற்க வேண்டும். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடையே ஏரிக்கரையும் பாறைக்குன்றும் அதற்கு உதவுகின்றன. இருப்புப்பாதை எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். விலகி நிற்பது சட்டத்துக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. அப்படி விலகும்போதுதான் ரயில் சிறுத்து, நிலம் பெரிதாகிறது. வேர்க்கடலைக் கொல்லையும் ஒற்றைப் பனையும் மாடு மேய்க்கும் சிறுவனும் படத்துக்குள் வருகிறார்கள்.

சத்யஜித் ராய் தம் 'பாதேர் பாஞ்சாலி' படத்தில் நாணற் பூக்களின் நடுவே குழந்தைகள் ரயிலைக் காணும் காட்சியை ஒரு நாள் எடுத்துவிட்டு, மறுமுறை போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன. அடுத்த பருவத்தில் பூக்கள் மீண்டும் மலரும்வரை அவர் காத்திருந்தார். ரயில் நாள்தோறும் வரும். நிலம் ஆண்டுக்கு ஒருமுறைதான் அப்படி வாய்க்கும். 1955இல் வெளிவந்த அந்தப் படம் எனக்குக் கற்றுத் தந்த பாடம் இதுதான்.

இனி நான் சொல்லப் போவது என் சொந்தக் கதை. என் தந்தையார் சரக்கு வண்டியில் கார்டாகப் பணியாற்றியவர். எஞ்சின் ஓட்டுநருக்கு உதவியாளர் உண்டு. கார்டுக்கோ வண்டியின் வாலில், பிரேக் வேனில், தனிமைதான் துணை. கொடி, விளக்கு, பேரேடு, தண்ணீர்க்கூசா, சோற்றுத்தூக்கு ஆகிய இவற்றோடு இரவெல்லாம் ஆடிக்கொண்டே போவார். வீட்டில் பேச்சுக் குறைவு. ஒருநாள் மட்டும் என்னிடம், "ஸ்டேஷன் மாஸ்டர் வண்டி பூரா வந்துடுச்சுன்னு எப்போ ஒத்துக்குவார் தெரியுமா? எஞ்சினைப் பாத்து இல்ல. கடைசிப் பெட்டியில தொங்குற பலகையையோ விளக்கையோ பாத்தப்புறம்தான்" என்றார். வால் பலகை இல்லாமல் வண்டி வந்தால் நடுவழியில் இணைப்பு அறுந்து சில பெட்டிகள் நின்றுவிட்டன என்று ஐயுற வேண்டும். பாதை காலியென்று அறியும்வரை பின்னே வேறொரு வண்டியை விடலாகாது. ஒரு வண்டி முழுமையானது என்பதற்குச் சான்று அதன் கடைசிப் பெட்டியே ஆகும்.

நான் அதைக் கேட்டேனே தவிர, உணரவில்லை. முப்பது ஆண்டுகள் எஞ்சினையே படமெடுத்தேன். வளைவில் அது திரும்பும் அழகையும் முகப்பில் விழும் மாலை வெயிலையும் எடுத்துவிட்டு, எஞ்சின் கடந்ததும் கேமராவை மூடிவிடுவேன். தந்தையார் மறைந்தபோது, அவர் பணியில் இருக்கும் படமொன்று வேண்டுமென்று அம்மா கேட்டார். வீட்டில் நூற்றுக்கணக்கான ரயில் படங்கள். ஒன்றிலும் அப்பா இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணப் படத்தை எடுத்து மாலையிட்டார்.

பிறகு பழைய பிலிம் சுருள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துத் தேடினேன். ஒரு சுருளின் கடைசியில், கைதவறி அழுத்தியது போல ஒரு படம். நெல்வயலுக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கும் வண்டி. ஓரத்தில் கடுகளவு பிரேக் வேன். அதிலிருந்து நீண்ட ஒரு கை. அது அப்பாவின் கையா, வேறொருவரின் கையா, என்னால் சொல்ல இயலாது. அம்மாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "யாரோ ஒருத்தர் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கார்ப்பா" என்றார். இன்று அந்தப் படமும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

2022 ஜனவரியில் கார்டு என்ற பதவியின் பெயரை 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றினார்கள். கடைசிப் பெட்டியில் ஒரு கருவியைப் பொருத்தி, வண்டி முழுமையாக இருப்பதை எஞ்சினுக்கு அறிவிக்கச் செய்யும் முயற்சியையும் இந்திய ரயில்வே மேற்கொண்டுள்ளது. அது பரவினால் சரக்கு வண்டியின் வாலில் மனிதர் இருக்க வேண்டிய தேவை குறையும். தனிமையில் ஒருவர் இரவு கழிக்க வேண்டாம் என்பது நல்லதே. ஆயினும் இப்போது இருப்பவர்களைப் படமெடுக்க நமக்குள்ள காலம் குறுகியது என்பதை மறக்கக் கூடாது.

இங்கே மரக்காணத்துக்கு விடியலில் கேமராவோடு வருகிறவர்கள் பலர். உப்பின் வெண்மை ஒளியளவியை ஏமாற்றும். அது காட்டுவதைவிட ஒன்றரை மடை கூடுதலாக ஒளி தந்தால்தான் உப்பு உப்பாக விழும் என்பதை அவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். வெண்குவியல்களின் அழகையும் எடுத்துச் செல்கிறார்கள். ஆனால் அந்தக் குவியலை வாரிச் சேர்த்தவரின் வெடித்த பாதங்களும், கூடையைத் தலையில் ஏற்றி லாரிக்கு நடக்கும் பெண்களும் படத்தின் விளிம்போடு நின்றுவிடுகிறார்கள். நான் எஞ்சினோடு நின்றுவிட்டதைப் போலத்தான் இதுவும். அந்தக் குற்றத்தைச் செய்தவன் என்ற முறையில்தான் இதைச் சொல்லுகிறேன். பிறரைக் குறைகூற அன்று.

எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்றே எண்ணுகிறேன். இந்தக் கரையைப் பற்றி எழுதும் நம் இளைஞர்கள், முதலில் கண்ணிற் படுவதை எழுதிவிட்டு ஏட்டை மூடிவிட வேண்டாம். இன்னும் சற்று நேரம் நில்லுங்கள். கடைசிப் பெட்டி கடக்கட்டும். அங்கே ஒருவர் கையசைத்தால் நீங்களும் கையசையுங்கள்.

பத்தாண்டுகளாக இந்த வட்டத்தைத் தாங்கிவரும் நண்பர்களுக்கு என் வாழ்த்து. நாற்காலி போட்டவர்க்கும், ஒலிபெருக்கி கட்டியவர்க்கும், நாம் எல்லோரும் போனபின் இந்தப் பந்தலைப் பிரிக்கப் போகிறவர்க்கும் சிறப்பாக நன்றி கூறி அமைகிறேன்.