தட்டிய கதவைத் திறந்த தாய்

(ஊர்த் தமிழ்மன்றத்து மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாய்மையைப் போற்றிப் பேசுதல் தமிழர்க்குக் கைவந்த கலை. மொழியைத் தாய் என்கிறோம். நிலத்தைத் தாய் என்கிறோம். ஓடும் ஆற்றையும் தாய் என்கிறோம். ஆனால், நம் வீட்டுத் தாய் எந்த வகுப்புவரை படித்தாள் என்று ஒருவர் கேட்டால் தலைகுனிகிறோம். ஆகவே, வெறும் போற்றுரை கூற நான் இங்கு வரவில்லை. ஒரு தாயின் வாழ்க்கையை உங்கள்முன் வைத்து, அதற்கெதிரே என்னையும் நிறுத்திப் பார்க்க வந்துள்ளேன். அத்தாய், மருத்துவர் முத்துலக்குமி அம்மையார்.

1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, கற்பிக்கும் தொழிலினர். தாயார் சந்திரம்மாள், இசைவேளாளர் குடியினர். அக்குடிப் பெண்ணோடு வாழ்ந்த கரணியத்தால் தந்தையாரை அவர்தம் உறவினர் ஒதுக்கினர். மகளுக்கு விரைந்து மணம் முடிக்கவேண்டும் என்பது தாயின் கவலை; மகளுக்கோ படிப்பின்மேல் வேட்கை. ஆடவர் கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊரார் சீறினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அச்சீற்றத்தைப் பொருட்படுத்தாது இடந்தந்தார். அன்று திறந்தது ஒரு கதவு.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் மருத்துவராய் வெளிவந்தார். 1914இல் மருத்துவர் சுந்தர இரெட்டியாரை மணந்தார். தம்மை ஒத்த உரிமையுடன் நடத்தவேண்டும், தம் பணிக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற உறுதியைப் பெற்ற பின்னரே மணத்திற்கு இசைந்தார். மக்கள் இருவரைப் பெற்றார்.

சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் அமர்ந்தார். பெண்மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் இழிவை எதிர்த்து அங்கே முழங்கினார். அவர் வெறும் முழக்கத்தோடு நிற்கவில்லை என்பதைக் கருதுங்கள். கோயிற்பணிக்கு ஈடாக அப்பெண்கள் துய்த்துவந்த நிலம், பணியை விட்டால் பறிபோகும். பசிக்கு அஞ்சியே பலர் தளையைச் சுமந்தனர். அந்நிலத்தை அப்பணியின்றியே அவர்க்கு உரிமையாக்கும் சட்டத்திருத்தம் 1929இல் வந்தது. பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. 1928, 29ஆம் ஆண்டுகளில் ஆர்ட்டாகு தலைமையில் அமைந்த கல்விக் குழுவில் இருந்த ஒரே பெண்ணும் அவரே.

1930ஆம் ஆண்டு காந்தியடிகள் சிறைப்பட்டபோது, அம்மையார் சட்டமன்றப் பொறுப்பைத் துறந்தார். அதே ஆண்டு, பொட்டுக்கட்டும் வழக்கத்தினின்று தப்பிய இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்கள் பிறந்த குடியைக் கேட்டு, விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்திருந்தன. அம்மையார் கதவைத் திறந்தார். தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவர்களுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அது பின்னர் அடையாற்றில் நிலைகொண்டு, ஆதரவற்ற பெண்மக்களுக்கு உறைவிடமும் கல்விக்கூடமும் ஆயிற்று.

அதற்கு அவர் இட்ட பெயர் அவ்வை இல்லம். அவ்வை என்னும் சொல்லுக்குத் தாய் என்பது பொருள். அப்பெயரால் நாம் அறிந்தவரோ புலவர். நமக்கெல்லாம் அரிச்சுவடிப் பருவத்து ஆசான். தாயும் ஆசானும் ஒன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

தம் தங்கையைப் புற்றுநோய் கொண்டுசென்ற துயரை அவர் மறக்கவில்லை. 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அவர் மகன் மருத்துவர் கிருட்டிணமூர்த்தி அப்பணியைத் தோளில் ஏற்றார். 82ஆம் அகவை நிறைய எட்டு நாள்களே இருக்க, 1968 சூலை 22இல் அம்மையார் மறைந்தார்.

இனி, என்னைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில் எனக்கொரு மாணவி இருந்தாள். தளைதட்டாமல் வெண்பா எழுதுவாள். ஒருநாள் மாலை, சுவடியை நெஞ்சோடு அணைத்தபடி என் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். "ஐயா, படிப்பை நிறுத்தி மணம்பேசுகிறார்கள். அப்பாவிடம் ஒரு சொல் சொல்லுங்கள்" என்றாள். "குடும்பச் செய்தியில் ஆசிரியன் தலையிடலாமா, அம்மா?" என்றேன் நான். அவள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள்.

என் வீட்டுக் கதவு திறந்தேதான் இருந்தது. ஆயினும், அன்று அதை நான் அடைத்துவிட்டேன். அம்மையாரின் வாழ்க்கையைப் பாடமாக நடத்திய வாய்தான் அச்சொல்லையும் சொல்லிற்று.

சென்ற ஆண்டு அவள் மீண்டும் வந்தாள், தன் மகளைப் பள்ளியிற் சேர்க்க. என்மேல் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. "இவள் விரும்புமட்டும் படிக்கட்டும், ஐயா. யார் வந்து சொன்னாலும் பாதியில் நிறுத்தமாட்டேன்" என்றாள். நான் திறவாத கதவை அவளே திறந்துகொண்டாள். அவளும் ஒரு தாய். அவளும் ஓர் ஆசான்.

தமிழ்ப் பெருமக்களே! தமிழ்த்தாய்க்கு நாம் எடுக்கும் விழாக்கள் பல. அவ்விழாப் பந்தலுக்கு வெளியே, படிப்பு நின்ற ஒரு பெண்பிள்ளை நிற்பாளாயின், நம் வாழ்த்து யாருக்கு? உங்கள் தெருவில், உங்கள் உறவில், இவ்வாண்டு பள்ளிக்கு வாராது நின்ற பெண் எவள் என்று நாளையே கேளுங்கள். அவள் வந்து தட்டும்வரை காத்திராதீர்கள். நீங்களே சென்று அவள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

நானும் உங்களோடு வருகிறேன்.