எறிந்த பொருளில் எழுந்த ஊர்



பிறந்த மண்ணை விட்டு வந்து வாழ்வோர் கூடியுள்ள மன்றம் இது. வந்த ஊரை நம் ஊராக்கிக் கொள்வது எங்ஙனம் என்பது நம் அனைவர் உள்ளத்திலும் உள்ள வினா. சண்டிகர் பாறைப் பூங்காவைப் படைத்த நேக் சந்தின் பணியில் இதற்கு ஒரு விடை காண்கின்றோம்.

1924இல் அவர் பிறந்த சிற்றூர், 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் பாகிஸ்தானுக்குரியதாயிற்று. ஊரிழந்து வந்த அவர், சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை மேற்பார்வையாளரானார். லெ கொர்பூசியேயின் திட்டப்படி அந்நகர் எழுந்துகொண்டிருந்த காலம் அது. புதுநகருக்காகப் பழைய சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. இடிபாடுகள் குப்பையாய்க் குவிந்தன. பிறர் குப்பை என்று கண்டவற்றில் அவர் ஓர் ஊரையே கண்டார்.

பணி முடிந்தபின் மிதிவண்டியில் சென்று, சிவாலிக் மலையடியின் ஓடைகளில் கற்களைப் பொறுக்கினார். நீர் உருட்டி உருட்டிப் பறவையாகவும் விலங்காகவும் மனித வடிவாகவும் ஆக்கிய கற்கள் அவை. இயற்கை செய்த சிற்பத்தை இனங்கண்டு, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தியதே அவர் செய்த வேலை. பின்னர் உருவங்களைத் தாமே செய்தார். பழைய மிதிவண்டிச் சட்டம் எலும்பாயிற்று. சிமெண்டுக் கலவை தசையாயிற்று. உடைந்த வளையல்கள் மங்கையரின் வண்ண ஆடையாயின. கழிவறைப் பீங்கானும் மின்கம்பிப் பீங்கானும் சுவர்களாயின.

கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, கேழ்வரகு முளையை வயலாக்கிக் கொலுவின் ஓரத்தில் ஊர் சமைப்பவர்கள் அல்லரோ நம் இல்லத்துச் சிறுவர்? அவ்விளையாட்டே அங்கு வாழ்நாள் தவமாயிற்று எனலாம்.

அவர் தேர்ந்த இடமோ, எதுவும் கட்டலாகாது என்று விதிக்கப்பட்ட அரசுக் காட்டு நிலம். ஆகவே ஏறத்தாழ 18 ஆண்டுகள் மறைவாகவே உழைத்தார். 1970களில் செய்தி வெளிப்பட்டபோது, சட்டப்படி அனைத்தையும் இடித்திருக்கலாம். அரசு இடிக்கவில்லை. 1976இல் பூங்காவை மக்களுக்குத் திறந்து, அவருக்கு ஊதியமும் துணைக்கு 50 தொழிலாளரும் அளித்தது. செயற்கை அருவிகளும் பள்ளத்தாக்குகளும் அதன்பின் வளர்ந்தன. 1984இல் பத்மஸ்ரீ விருது அவரை அடைந்தது.

எனினும் அச்சம் நீங்கவில்லை. 1990இல், சாலை ஒன்றிற்காகப் பூங்காவின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தன. அப்பொழுது நகர மக்கள் திரண்டு குறுக்கே நின்றனர்; இயந்திரங்கள் திரும்பின. ஊரற்று வந்த ஒருவர் ஊருக்கு ஒரு கலைச்செல்வம் தந்தார். ஊர் அவரைத் தன்னவராக ஏற்று நின்றது. 2015இல் தம் 90ஆம் வயதில் அவர் மறைந்தபின்னும் அப்பூங்கா நிற்கின்றது.

அன்பர்களே! விட்டுவந்ததை எண்ணி ஏங்குவது எளிது. வந்த இடத்தின் கல்லையும் ஓட்டையும் குனிந்து எடுத்து, அங்குள்ளார்க்கும் பயன்படுமாறு ஒன்றை ஆக்குவதே அரிது. நம் சங்கப் பணியும் அத்தகையதாகுக! நாம் வாழும் நகரின் கலைச்செல்வங்களுக்கு இடர் வருங்கால், முன்வந்து நிற்போர் வரிசையில் நாமும் இருப்போமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!