எபிசோட் எழுத்து வடிவம்: ஸ்பீக்கர்ல வர்ற இரைச்சலும் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி, "ஆடியோ சிஸ்டத்துக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமா, காசு தண்டமா?" நான் வாங்கினேன். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மடத்தனமும் பண்ணினேன். அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீடு சிவகாசியில. மூணு வீடு தள்ளி ஒரு ஆஃப்செட் பிரஸ். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்ததும் ஆர்டர் குவியும். அங்கிருந்து டிசம்பர் வரைக்கும் மெஷின் நிக்காது. மெஷின் ஓடுற நேரமெல்லாம் அப்பாவோட பழைய ஆம்ப்ளிஃபயர்ல "ஜ்ர்ர்ர்"னு ஒரு இரைச்சல். பாட்டு ஓடும்போது தெரியாது. ஆனா எல்.பி.ல இருந்து கம்ப்யூட்டருக்கு ஏத்தும்போது, ரெண்டு பாட்டுக்கு நடுவுல வர்ற அமைதியில அது மட்டும்தான் கேக்கும். அப்பா சேர்த்து வச்சிருந்த தட்டுகளை அவர் இருக்கும்போதே டிஜிட்டலா மாத்திடணும்னு எனக்கு அவசரம்.

யூடியூப்ல ஒருத்தர் சொன்னார், "எர்த் லூப்தான் காரணம், எர்த் பின்னைக் கழட்டிப் பாருங்க." நானும் மூணு பின் பிளக்குல ரெண்டு பின் அடாப்டரைச் சொருகினேன். இரைச்சல் முக்கால்வாசி போயிடுச்சு. ரெண்டு வாரம் எனக்குப் பெருமை தாங்கல.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா ஈரத்துணியால ஆம்ப் மேல துடைச்சாங்க. கையை உதறிக்கிட்டு சுவர்ல போய் சாய்ஞ்சாங்க. ஒண்ணும் ஆகல, கடவுள் புண்ணியம். ஆனா அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் காதுல இருக்கு. எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்து ஆம்ப் பாடியில டெஸ்டரை வச்சார், பளிச்சுனு எரிஞ்சது. "தம்பி, எர்த்தை எங்கப்பா?"னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் அடாப்டரைக் காட்டினேன். அவர் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

சித்தப்பா வேலை பார்த்த பட்டாசு ஆலையில, மருந்து ஷெட் வாசல்ல எர்த் பண்ணின செம்புத் தகடு இருக்கும். அதுல கையை வச்சு உடம்புல இருக்குற ஸ்டாட்டிக்கை இறக்கிட்டுத்தான் உள்ள போகணும். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன், சொந்த வீட்டுல எர்த்தைக் கழட்டியிருக்கேன்.

சரி, என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். அந்த ஆம்ப்ல டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் பழசாகி, பாடிக்குக் கொஞ்சம் கரண்ட் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. எர்த் இருந்த வரைக்கும் அது பேசாம மண்ணுக்குப் போயிடுச்சு. பியூஸ் போற அளவுக்கு இல்ல. எங்க வீட்டுல அப்போ ஆர்.சி.சி.பி.யும் கிடையாது. நான் எர்த்தை எடுத்ததும், கசிவு ஆளுக்காகக் காத்திருந்தது.

அடுத்து அண்ணாச்சி மல்ட்டிமீட்டரை வச்சு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல அளந்தார். பிரஸ் ஓடும்போது 9 வோல்ட். ரெண்டு, மூணு வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொன்னார். தெருவுல எல்லா வீடும் ஒரே நியூட்ரலைப் பங்கு போடுது. மூணு ஃபேஸ்லயும் லோடு சமமா இல்லைன்னா மிச்ச கரண்ட் நியூட்ரல் வழியாத்தான் திரும்பும், அந்தக் கம்பியிலயே வோல்டேஜ் நிக்கும். இன்னொரு பக்கம் எங்க ஊர் மண். சுத்துவட்டாரக் கரிசல் கோடையில வெடிச்சு வாயைப் பிளக்கும், எர்த் ராடைச் சுத்தி இடைவெளி விழும். அதனாலதான் பழைய ஆட்கள் குழியில கரியும் உப்பும் போட்டு, பங்குனி, சித்திரையில தண்ணி ஊத்தச் சொல்வாங்க. அண்ணாச்சி முதல்ல செஞ்ச வேலையும் அதுதான், ரெண்டு குடம் தண்ணி. 9 வோல்ட் அப்படியேதான் இருந்துச்சு, அது நியூட்ரலோட பிரச்சினை. ஆனா எர்த்தோட ரெசிஸ்டன்ஸ் இறங்கிச்சு.

இப்போ டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவோம். 1831 ஆகஸ்ட் 29-ல மைக்கேல் ஃபாரடே ஒரு இரும்பு வளையத்துல ரெண்டு தனித்தனிச் சுருளைச் சுத்திப் பார்த்தார். ஒண்ணுல கரண்டை விட்டு நிறுத்தினா மத்ததுல ஊசி துடிக்குது. ரெண்டுக்கும் நடுவுல கம்பித் தொடர்பு கிடையாது, காந்தம்தான் பாலம். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்ங்கறதும் அதேதான், 230 வோல்ட் உள்ள போனா 230 வெளிய வரும்.

"என் ஆம்ப்ளிஃபயர்க்குள்ளயே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" நியாயமான கேள்வி. ரெண்டு சுருளும் ஒட்டி இருக்கறதால நடுவுல கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். மோட்டார் டிரைவ் மாதிரி வேகமா ஆன்-ஆஃப் ஆகுற கருவிகளோட இரைச்சல் அதுவழியா தாவிடும். நல்ல ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்ல ரெண்டு சுருளுக்கும் நடுவுல செம்புத் தகட்டைச் சுத்தி எர்த் பண்ணியிருப்பாங்க. தாவ வர்ற இரைச்சல் அங்கயே இறங்கிடும். அந்த ஸ்க்ரீன் இல்லாததை வாங்கினா, அறைக்கு ஒரு பெரிய எடைக்கல் கிடைச்சதுன்னு வச்சுக்கோங்க.

எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை அண்ணாச்சி ஒருத்தர்தான் 1 கே.வி.ஏ.ல சுத்திக் கொடுத்தார். பிரஸ்காரங்க பிளேட் அடிக்கிற மெஷினுக்கு யு.பி.எஸ். கூட இதை வைக்கிறதால அவருக்குப் பழக்கமான வேலை. செம்புத் தகட்டோட ரெண்டு முனையும் மேல மேல வர்ற இடத்துல மைலார் தாள் வச்சார். ஏன்னு கேட்டேன். "ரெண்டும் தொட்டுச்சுன்னா அதுவே ஒரு சுத்து கம்பி ஆயிடும் தம்பி, சூடாகி எரிஞ்சிரும்." நான் காலேஜ்ல டிரான்ஸ்ஃபார்மர் படிச்சு மார்க்கும் வாங்கியிருக்கேன். இது எனக்குத் தோணவே இல்லை.

வயரிங்தான் முக்கியம், இந்த இடத்தை மட்டும் கவனமா கேளுங்க. "செகண்டரியை எர்த்தோட சேர்க்காம மிதக்க விட்டா ஷாக்கே அடிக்காது"ன்னு நெட்ல சொல்வாங்க. பாதி உண்மை. ஒரு கருவியில ஒரு கம்பி பாடியைத் தொட்டா, யாருக்கும் தெரியாது. ரெண்டாவது கருவியில மத்த கம்பி தொட்டா, ரெண்டையும் பிடிக்கிற ஆளுக்கு முழு 230. மெயின் போர்டுல இருக்குற ஆர்.சி.சி.பி.யும் அதைப் பார்க்காது, ஏன்னா டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால நடக்கறது அதுக்குக் குருட்டுப் பக்கம். அதனால எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி செகண்டரியோட ஒரு முனையை எர்த்தோட சேர்த்தார், அதுக்கு அப்புறம் ஒரு 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. போட்டார். டிரான்ஸ்ஃபார்மர் பாடிக்கும் எர்த் கொடுத்தார். மெயின் போர்டுலயும் ஒரு ஆர்.சி.சி.பி. ஏறிச்சு. இப்போ ஆம்ப்ல பெரிய ஃபால்ட் வந்தா கரண்ட் மண்ணைத் தேடிப் போக வேண்டாம், செம்புக் கம்பி வழியாவே செகண்டரிக்குத் திரும்பி பிரேக்கரைத் தட்டிவிடும். கரிசல் வெடிச்சாலும் பரவாயில்லை. எனக்குச் சத்தத்தைவிட இதுதான் இந்தப் பெட்டியோட பெரிய லாபமாத் தோணுது. இதை நீங்களா செய்யாதீங்க, லைசன்ஸ் இருக்குற ஆளைக் கூப்பிடுங்க.

ரிசல்ட்? செகண்டரி பக்கம் நியூட்ரல்-எர்த் கிட்டத்தட்ட பூஜ்யம். பிரஸ்ஸோட "ஜ்ர்ர்" போயிடுச்சு. ஆனா அடியில மெல்லிசா ஒரு "ம்ம்ம்" மிச்சம். 7,500 ரூபாய் கொடுத்துட்டு அதைக் கேட்டப்போ வயிறு எரிஞ்சது. கோடுல பக் தேடுற மாதிரி ஒவ்வொரு ஒயரா கழட்டினேன். செட்டாப் பாக்ஸுக்கு வர்ற கேபிள் டி.வி. ஒயரை எடுத்ததும் சுத்தமா நின்னுடுச்சு. கேபிளோட ஷீல்டு வெளிய வேற எங்கயோ எர்த் ஆகியிருக்கு, எங்க எர்த்தோட சேர்ந்து ஒரு வளையம். அசல் எர்த் லூப் இதுதான். கரண்ட் பக்கம் என்ன பெட்டி வச்சாலும் அது போகாது. ஆம்புக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவுல சில நூறு ரூபாய்க்கு ஒரு ஆடியோ ஐசொலேட்டர் போட்டேன், முடிஞ்சது.

அதனால நீங்க முதல்ல ஆம்ப்ல இருக்குற எல்லா இன்புட்டையும் கழட்டிட்டு கேளுங்க. அமைதியா இருந்தா பிரச்சினை ஒயர்ல, டிரான்ஸ்ஃபார்மர் வாங்காதீங்க. எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல இருந்து எடுத்துப் பாருங்க, பல வீட்டுல அதுவே போதும். வோல்டேஜ் ஏறி இறங்குதுன்னா அதுக்கு ஸ்டெபிலைசர்தான், இந்தப் பெட்டி 190 வந்தா 190-ஐத்தான் கொடுக்கும். இது வச்சதும் பாஸ் இறுகிச்சு, மேடை விரிஞ்சுதுன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அப்படி எதுவும் கேக்கல.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம். ஆன் பண்ணும்போது ஒரு நொடி கரண்டை நிறைய இழுக்கும், பி டைப் எம்.சி.பி. சில நேரம் தட்டும், சி டைப் போடச் சொல்லுங்க. அப்புறம் பெட்டியே லேசா உறுமும், 100 ஹெர்ட்ஸ்ல. பாட்டு கேக்குற அறையில வைக்காதீங்க. எங்க வீட்டுல அது மாடிப்படிக்கு அடியில இருக்கு.

தட்டுகள்ல பாதிக்கு மேல ஏத்தியாச்சு. அப்பா பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணும் எந்த வருஷம் வாங்கினதுன்னு சொல்றார். இந்த எபிசோடைப் பதிவு பண்ற இந்த நேரம் பிரஸ் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இப்போ நான் பத்து நொடி பேசாம இருக்கேன், கேட்டுப் பாருங்க. எழுத்துல படிக்கிறவங்க மன்னிக்கணும், உங்களுக்கு இந்த இடம் வெறும் காலி வரிதான்.