கீழ்த்திசை ஞானிகளுக்கு எந்த ஊர்?

(ஜூபிலி ஆண்டில், திருக்காட்சித் திருநாள் மாலை ஆராதனைக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று மூன்று இராசாக்கள் திருநாள். பொன், தூபம், வெள்ளைப்போளம் என்னும் காணிக்கைகளின் பொருளைப் பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். ஆகையால் இவ்வாண்டு வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்விதான் அது. அந்த ஞானிகளுக்கு எந்த ஊர்?

முதலாவதாக, நற்செய்தி என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். நான்கு நற்செய்தியாளர்களுள் மத்தேயு ஒருவரே இந்நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். இரண்டாம் அதிகாரத்தில் பன்னிரண்டே வசனங்கள். கிழக்கிலிருந்து வந்தார்கள் என்பதற்கு மேல் ஊரைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் அரசர்கள் என்று எழுதவில்லை. பெயர் எழுதவில்லை. எத்தனை பேர் என்றும் எழுதவில்லை. நம் குடிலில் நிற்கும் ஒட்டகம்கூட அங்கே இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூவர் என்று மேற்றிசைத் திருச்சபை கணக்கிட்டது. சிரியத் திருச்சபையின் மரபிலோ பன்னிருவர். உரோமாபுரிச் சுரங்கக் கல்லறைகளில் உள்ள பழைய ஓவியங்களில் ஓரிடத்தில் இருவர், மற்றோரிடத்தில் நால்வர். சங்கீதம் 72-ம், எசாயா 60-ஆம் அதிகாரமும் காணிக்கையோடு வரும் அரசர்களைப்பற்றிப் பேசுவதால் ஞானிகள் அரசர்களானார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் ஆறாம் நூற்றாண்டு வாக்கில்தான் வழக்கிற்கு வருகின்றன.

இரண்டாவதாக, பெரியோர் குறித்த ஊர்கள். மத்தேயு கிரேக்கத்தில் எழுதிய சொல் 'மாகோய்' என்பது. பாரசீக நாட்டில் வான்குறிகளையும் கனவுகளையும் ஆராய்ந்த குருகுலத்தாருக்கு அப்பெயர். எனவே அலெக்சாந்திரியா நகர் கிளமெந்து முதலானோர் பாரசீகம் என்றனர். பழைய ஓவியர்களும் பாரசீக உடையிலேயே அவர்களை வரைந்தார்கள். கி.பி. 614-இல் பாரசீகப் படை பாலஸ்தீன நாட்டுக் கோவில்களை அழித்தபோது, பெத்லெகேம் கோவில் படத்தில் தங்கள் நாட்டு உடையைக் கண்டு அதைமட்டும் விட்டுவிட்டது என்று ஒரு மரபு உண்டு.

பாலஸ்தீனத்திலேயே பிறந்தவரான புனித யுஸ்தீன், இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், அவர்கள் அரேபியாவிலிருந்து வந்தார்கள் என்றார். தூபமும் வெள்ளைப்போளமும் தென் அரேபியாவின் சரக்கு அல்லவா? ஆனால் சரக்கை வைத்து ஆளின் ஊரைச் சொல்லிவிட முடியாது. கரூரிலும் கோவைப் பக்கத்திலும் உரோமைப் பேரரசின் காசுகள் கிடைத்திருக்கின்றன. அதற்காக அவற்றைப் புதைத்து வைத்தவர்கள் உரோமையர் என்போமா? இன்னும் சிலர் பாபிலோன் என்றனர். வான நூலில் தேர்ந்த நாடு அது. யூதர்கள் அடிமைகளாய் வாழ்ந்த நாடும் அதுவே. அங்கே மெசியாவைப்பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

பிறந்த ஊருக்கு மட்டுமல்ல, அடங்கிய ஊருக்கும் போட்டிதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பயணம் செய்த மார்க்கோ போலோ, பாரசீகத்தின் சாவா நகரில் அவர்களுடைய கல்லறைகள் உண்டென்று எழுதினார். ஆனால் அவர்களுடைய எலும்புகள் என்று போற்றப்படும் திருப்பண்டங்கள் 1164-இலேயே மிலான் நகரிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டன!

மூன்றாவதாக, நம் இந்திய நாடும் இதில் பின்வாங்கவில்லை. புனித தோமையாரைப்பற்றிய பழைய சிரிய நூலில் குந்தபார் என்ற இந்திய மன்னன் வருகிறான். வெறுங்கதை என்றே பலர் நினைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மன்னனின் காசுகள் வடமேற்கில் கிடைத்தன. இன்றைய பாகிஸ்தானில் உள்ள தக்த்-இ-பாகியில் கல்வெட்டும் கிடைத்தது. குந்தபார் என்ற பெயரே திரிந்து கஸ்பார் ஆயிற்று என்று சில அறிஞர் கருதுகிறார்கள். ஆனால் பெரும்பாலோர் கணக்குப்படி அவன் பட்டத்திற்கு வந்தது கி.பி. 20 வாக்கில். ஆகவே பெயர் அவனுடையதாக இருக்கலாம். பெத்லெகேமுக்குப் போனவன் அவனே என்று சொல்ல வழியில்லை.

மலையாள நாட்டில் பிறவம் என்னும் ஊரின் பழைய கோவிலை இராசாக்களின் பள்ளி என்றே அழைக்கிறார்கள். ஞானிகள் அந்த ஊர்க்காரர்கள் என்பது அங்குள்ளோரின் நம்பிக்கை. கோவாவில் 1555-இல் கட்டப்பட்ட ரெய்ஸ் மாகோஸ் கோவிலுக்கு இவர்கள் பெயரே வழங்குகிறது. அதே கோவாவில் கன்சாவ்லிம் பகுதியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. திருநாளன்று மூன்று ஊர்களிலிருந்து மூன்று சிறுவர்கள் கிரீடம் சூடி, குதிரையேறி, மலைமேல் உள்ள சிற்றாலயத்தில் வந்து சேருவார்கள். ஊர் வேறு, பாதை வேறு, சேருமிடம் ஒன்று.

பிரியமானவர்களே, பாரசீகம், அரேபியா, பாபிலோன், இந்தியா என்று ஒவ்வொரு நாட்டாரும் ஞானிகளைத் தம்மவர் என்று சொல்லிக்கொண்டதில் தவறில்லை. அது அன்பினால் வந்தது. ஆயினும் மத்தேயு ஊரை எழுதாமல் விட்டதிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு.

நம் பக்கத்தில் 'எந்த ஊர்?' என்ற கேள்வி அதோடு நிற்பதில்லை. அடுத்து 'எந்தத் தெரு?' என்போம். பிறகு 'யார் வீடு?' என்போம். கடைசியில் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். சாதியில் போய் நிற்கும். சங்கரன்கோவில் சந்தையிலும் பஸ்ஸிலும் நடக்கும் இவ்விசாரணை, கோவில் வாசலுக்குள்ளும் வந்துவிடுகிறது. பெத்லெகேம் வீட்டிலோ அப்படி ஒரு விசாரணை நடந்ததாக நற்செய்தியில் இல்லை. அவர்கள் உள்ளே போனார்கள், தாயோடு பிள்ளையைக் கண்டார்கள், தெண்டனிட்டு வணங்கினார்கள்.

எருசலேமில் இருந்தவர்களையும் பாருங்கள். தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞரும் பூர்வீகமானவர்கள். மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டவுடன் மீக்கா ஆகமத்தைக் காட்டிச் சரியாகச் சொன்னார்கள். பெத்லெகேம் அங்கிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர்தான். நாம் கரிவலம்வந்தநல்லூருக்குப் போகிற தூரம்கூட இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர்கூடப் புறப்பட்டதாக மத்தேயு எழுதவில்லை. நடந்தவர்கள் அந்நியர்.

ஜூபிலி வேலைகள் தொடங்கியது முதல், இப்பங்கில் முதலில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் எது, கோவிலுக்கு முதற்கல் சுமந்தவர் யார் என்ற பேச்சு அதிகம் கேட்கிறது. அந்த முன்னோர்களை நன்றியோடு நினைக்கத்தான் வேண்டும். இம்மலரும் அவர்களை நினைக்கிறது. ஆனால் அதே மூச்சில், தறி வேலைக்கும் கடைக்கும் உத்தியோகத்திற்குமாக இங்கே வந்து குடியேறியவர்களை 'நேற்று வந்தவர்கள்' என்று சொல்வதும் என் காதில் விழுகிறது. பல ஆண்டுகளாகப் பூசைக்கு வந்தும் இன்னும் தாழ்வாரத்திலேயே நிற்கிறவர்கள் நம்மில் உண்டு.

ஆகவே பங்குப் பேரவையிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். ஜூபிலித் திருநாளில் மாதா சப்பரம் கோவிலைவிட்டு எழும்பும்போது முதல் தோள் கொடுப்பவர்களில் ஒருவர், நம் பங்கேட்டில் கடைசியாகப் பெயர் எழுதிய குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். அவர் எந்தத் தெரு என்று யாரும் கேட்க வேண்டாம். பேரவை இன்னும் முடிவு சொல்லவில்லை. சிலருக்கு மனவருத்தம் இருப்பதும் எனக்குத் தெரியும். வருத்தமுள்ளவர்கள் பங்கு இல்லத்திற்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். வருமுன் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.

பாலனைக் கண்ட ஞானிகள் வந்த வழியே திரும்பவில்லை. வேறு வழியாய்த் தங்கள் நாட்டுக்குப் போனார்கள். ஜூபிலி கொண்டாடும் நமக்கும் அந்த வேறு வழியை ஆண்டவர் காட்டுவாராக. புதிதாய் வந்தவர்களையும் நெடுங்காலமாய் இங்கே வாழ்கிறவர்களையும் அவர் ஒரே குடும்பமாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.