உங்கள் அத்தா என்ன வேலை பார்த்தார்?
(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





பொன்விழா மேடையில் நோயைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று ஏற்பாட்டுக் குழுவில் ஒரு சகோதரர் கேட்டார். நான் மருத்துவன் அல்லன். தொழிலிடப் பாதுகாப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஐம்பது ஆண்டு நிறைந்த ஒரு சங்கம்தான் பேச வேண்டிய நோய் இது. இன்று மூச்சில் போகும் தூசு, நோயாக வெளிவர 20 முதல் 50 ஆண்டுகள் ஆகும்.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பொருத்தமான பெயர்தான். நெருப்பில் எரியாது, விலையும் மலிவு. ஆனால் உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகப் பிரிந்து காற்றில் மிதக்கும். நுரையீரலில் போய்த் தைத்த ஊசி சுலபத்தில் வெளியே வராது. நுரையீரல் தழும்பேறி இறுகினால் அது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும் வரும். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுக்கு மீசோதீலியோமா என்று பெயர்.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தி அல்ல. இங்கிலாந்தின் ராக்டேலில் கல்நார் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-ல் 33 வயதில் இறந்தார். அந்தத் தூசுதான் காரணம் என்று அப்போதே மருத்துவ இதழில் எழுதினார்கள். 1931-ல் தூசைக் கட்டுப்படுத்த அங்கே விதிமுறைகள் வந்தன. முழுத் தடை வந்தது 1999-ல்! இடைப்பட்ட காலத்தில் அதே பிரிட்டிஷ்காரர்கள் பாலத்துக்கு அந்தப்பக்கம் செம்பவாங்கில் கடற்படைத் தளம் நடத்தினார்கள். 1968-ல் அது சிங்கப்பூர் கைக்கு வந்து கப்பல் பட்டறையாகத் தொடர்ந்தது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த நம் மக்கள் துறைமுகத்திலும் பிரிட்டிஷ் தளங்களிலும் உழைத்த கதை நமக்குத் தெரியும். அந்தக் காலத்துக் கப்பல்களில் கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்க்கும் சுற்றியது பெரும்பாலும் கல்நார்தான். பழுது பார்க்க அதை உடைத்துத்தான் ஆக வேண்டும். அந்தத் தூசு படிந்த சட்டையை வீட்டில் உதறித் துவைத்த பெண்களுக்கும் இந்த நோய் வந்ததாகப் பல நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

குணப்படுத்த முடியுமா என்று கேட்பீர்கள். இறுகிப்போன நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. மீசோதீலியோமாவுக்கு நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க 2020-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஆயுள் சில மாதங்கள் கூடுகிறது; முழுக் குணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தூசில் வேலை பார்த்தவர் சிகரெட்டை விட்டால் நுரையீரல் புற்றுக்கான ஆபத்து குறையும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. ஜும்ஆ முடிந்ததும் வாசலில் பற்ற வைக்கும் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சரி, நோய் வந்துவிட்டது. அடுத்து என்ன? பெர்கேசோவின் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொழில்சார் நோய்களுக்கு இழப்பீடு உண்டு. கல்நார் நோயும் அதில் அடங்கும். சிங்கப்பூரில் வேலை பார்த்தவருக்கு அந்த நாட்டுச் சட்டம். எதுவானாலும் எங்கே, எந்த ஆண்டில், என்ன வேலை என்று கேட்பார்கள். இங்கேதான் நம் குடும்பங்கள் விழிக்கின்றன. முதலாளி கம்பெனியை மூடியிருப்பார், சம்பளச் சீட்டைக் கரையான் தின்றிருக்கும். "அத்தா கப்பல்ல வேலை பார்த்தாங்க" என்பதற்கு மேல் பிள்ளைகளுக்குத் தெரியாது. மருத்துவரும் இருமலைப் பார்த்துக் காசநோய் என்றோ சிகரெட் என்றோதான் நினைப்பார். பழைய வேலையை நாம் சொன்னால்தானே அவர் சந்தேகப்படுவார்?

இந்திய உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் இதை நன்றாகப் புரிந்துகொண்டு தீர்ப்பு சொன்னது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை முதலாளி காக்க வேண்டும் என்றது. நம் மர்ஹூம்களுக்கு அப்படி யாரும் காத்து வைக்கவில்லை.

இளைஞர்களுக்கு ஒன்று. நம் நாட்டில் 1986-ல் கல்நார் வேலைக்குத் தனி விதிமுறைகள் வந்தன. நீலக் கல்நாரை அவை தடுத்தன. ஆனால் பழைய வீடுகளின் கூரையிலும் சீலிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் பலகை இன்னும் இருக்கிறது. உடையாமல் கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்று சுத்தியலால் தட்டி, ரம்பத்தால் அறுத்து, துடைப்பத்தால் கூட்டுகிறோமே, அப்போதுதான் ஆபத்து. சாதாரணத் துணி முகமூடி இதைத் தடுக்காது. பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள், தண்ணீர் தெளித்து நனையுங்கள், முழுப் பலகையாகக் கழற்றுங்கள். இதில் பயிற்சி பெற்ற ஆட்களிடம் விடுவது இன்னும் நல்லது. காசு மிச்சம் என்று வங்காளதேசத்துத் தம்பிகளை ஏற்றிவிடாதீர்கள். அவர்களுக்கும் நுரையீரல் இருக்கிறது.

மண்டபத்தின் பின்பக்க மேசையில் ஒற்றைத் தாள் ஒன்று வைத்திருக்கிறோம். பெயர், வேலை பார்த்த இடம், ஆண்டு, என்ன வேலை, கூட வேலை செய்த இருவர் பெயர், இவ்வளவுதான். எழுபது வயது தாண்டியவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று சங்க அலமாரிக்கு. பேனா கொண்டு வராதவர்கள் செயலாளரிடம் வாங்கிக்கொள்ளலாம்.