எஞ்சின் மாற்றிய கார்: நாமே செய்வதா, செய்ததை வாங்குவதா?

(கெடா, செர்டாங்கில் இளைஞர்களுக்காக நடந்த தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓட்டுவதற்கு உற்சாகமான கார் வேண்டும். அதிலேயே தினமும் வேலைக்கும் போக வேண்டும். பழைய காரில் நாமே வேறு எஞ்சினை ஏற்றுவதா, ஏற்றி முடித்ததை வாங்குவதா? இதுதான் தலைப்பு. முதலில் பேசிய நண்பர், சொந்தக் கையால் செய்வதே சுகம் என்றார். முன்வரிசைத் தம்பிகள் கை தட்டினார்கள். அடுத்தவர், நேரம் மிச்சம், வாங்கிவிடுங்கள் என்றார். பின்வரிசைப் பெற்றோர்கள் கை தட்டினார்கள். நான் சொல்லப் போவதைக் கேட்டு யார் தட்டுவார்கள் என்று தெரியவில்லை. ஏனென்றால், நான் அடிபட்டவன்.

மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டுத் தொலைக்காட்சி வேலைக்குக் காத்திருந்த காலம். எனக்கு 24 வயது. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அப்போது ஒருவர் புரோட்டான் வீரா ஒன்றைக் காட்டினார். உள்ளே 1.8 டர்போ எஞ்சின். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். அதோடு புத்தி போய்விட்டது. என் சேமிப்பு, அம்மா எடுத்த கூட்டுப் பணம், இரண்டையும் சேர்த்து 11,000 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்தேன்.

பெயர் மாற்றப் பரிசோதனைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கிராண்டில், அதாவது பதிவு அட்டையில், பழைய 1.5 எஞ்சினின் எண். பானெட்டுக்குக் கீழே இருந்ததோ வேறு எண். பரிசோதனையில் தோல்வி. விற்றவரின் கைப்பேசி அடங்கிவிட்டது. கழற்றிய பழைய எஞ்சின் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் அந்தக் கார் எங்கள் ரம்புத்தான் மரத்தடியில் நின்றது. கோழிதான் குடியிருந்தது. அப்பா திட்டவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "நீ எஞ்சினத்தான்டா வாங்கியிருக்கே. காடிய இன்னும் வாங்கல."

ஜப்பானில் கழித்தது, இங்கே பொருந்துகிறது

நம் நாட்டில் இந்த ஆசை ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது? ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டில் கட்டாயப் பரிசோதனை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. கார் பழசாகப் பழசாகச் செலவு ஏறும். நல்ல எஞ்சின் உள்ள காரைக்கூடக் கழித்துவிடுகிறார்கள். அதை முழுதாக இங்கே கொண்டுவர அனுமதிப் பத்திரமும் வரியும் வேண்டும். பாதியாக வெட்டினால் அது உதிரிப் பாகம். அப்படி வருவதுதான் ஹாஃப்கட். இந்தப் பழைய பாகங்களின் இறக்குமதிக்கு 2011 ஜூன் முதல் தடை என்று 2009-இல் அரசாங்கம் அறிவித்தது. வணிகர்கள் எதிர்த்தார்கள், தடை தள்ளிப்போனது, ஹாஃப்கட் கடைகள் தொடர்ந்தன.

இன்னொரு காரணம், நம் கார்களின் பிறப்பு. 1993-இல் வந்த வீரா, மிட்சுபிஷி லான்சரை ஒட்டிச் செய்யப்பட்டது. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில், டைஹட்சு மீராவை ஒட்டியது. அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்துவதுபோல் அந்த ஜப்பானிய எஞ்சின்கள் இவற்றில் உட்காருகின்றன. சாதாரண 1.5 வீராவின் சக்தி 90 குதிரைத்திறனை ஒட்டியது. லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ எஞ்சினுக்கு 195. இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் சக்தி இரண்டு மடங்கானால் பிரேக்கும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டுமே! ஹாஃப்கட்டில் நமக்கு வருவது காரின் முன்பாதி. பின் பிரேக் ஜப்பானிலேயே தங்கிவிடுகிறது. ஜிஎஸ்ஆர் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. நம் வீராவுக்கு முன்சக்கரம் மட்டும். ஆகவே பொருந்தும் கியர்பாக்ஸைத் தனியாகத் தேட வேண்டும். ரேடியேட்டர், டிரைவ் ஷாப்ட், வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி, எஞ்சின் மவுண்டிங், புகைக் குழாய் என்று பட்டியல் நீளும். பலர் எஞ்சினோடு பணத்தை முடித்துக்கொண்டு பிரேக்கை 'அடுத்த மாதம்' என்று தள்ளுகிறார்கள். அந்த மாதத்துக்குள் மழையில், செம்பனை லோரிக்குப் பின்னால், தோட்டத்துச் சாலை வளைவில் என்ன நடக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்லும் கணக்கு எளிது. எஞ்சின் விலை எவ்வளவோ, அவ்வளவு பணத்தை இன்னொரு பக்கம் எடுத்து வைத்த பிறகு தொடங்குங்கள்.

தினசரிக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் கார் வேறு, திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் ஆக வேண்டிய கார் வேறு. 1.5 வீராவுக்குத் தீபகற்பத்தில் ஆண்டுச் சாலை வரி 90 வெள்ளி. 1,834 சிசி உள்ள 4ஜி93 எஞ்சினைப் பதிந்தால் 297 வெள்ளி. இரண்டு லிட்டர் 4ஜி63 என்றால் ஏறத்தாழ 378 வெள்ளி. இந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கத்தான் சிலர் பதியாமலே ஓட்டுகிறார்கள். மாதத்துக்கு இருபத்தைந்து வெள்ளிகூட வராத மிச்சம்! அதற்காகக் காரையே விற்க முடியாத பொருளாக்கிக் கொள்கிறோம்.

ஜப்பானில் உயர்ரகப் பெட்ரோலுக்கென்று செய்த டர்போ எஞ்சினுக்கு இங்கே ரோன்97 ஊற்ற வேண்டிவரும். அது சந்தை விலை. உதவித்தொகை ரோன்95-க்குத்தான். காப்புறுதியும் அப்படியே. எஞ்சின் மாற்றியதை மறைத்தால், விபத்து நடந்த அன்று இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு நாமே காரணம் கொடுத்தவர்கள் ஆவோம்.

கஞ்சில் தம்பி

இப்போது முதலில் பேசிய நண்பரின் பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். எங்கள் லயத்தில் ஒரு தம்பி. எஸ்பிஎம் தேர்வில் பெரிய மதிப்பெண் இல்லை. பழைய கஞ்சில் ஒன்றை வாங்கி, அதில் நான்கு சிலிண்டர் டர்போ, ஜேபி-ஜேஎல் எஞ்சினை ஏற்ற நினைத்தான். 659 சிசி, 64 குதிரைத்திறன். பழைய 660 எஞ்சினைப்போல் இரண்டு மடங்கு, ஆனால் சாலை வரி அதே 20 வெள்ளி.

அவன் முதலில் போனது பட்டறைக்கு அல்ல, ஜேபிஜே கவுண்டருக்கு. எந்த எஞ்சினை ஏற்றலாம், என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டான். எஞ்சின் வாங்கிய ரசீதையும் சுங்கப் பத்திர நகலையும் கேட்டு வாங்கினான். கொடுக்க மறுத்த கடையில் அவன் வாங்கவே இல்லை. வேலை முடிய பதினான்கு மாதம் ஆனது. அதுவரை மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனான். தடுமாறிய இடத்தில் ஒரு பட்டறை தவுக்கே சொல்லிக்கொடுத்தார். பரிசோதனை முடிந்தது, கிராண்டில் புதிய எஞ்சின் எண் ஏறியது. அந்த ருசியில் அவன் வாகனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழ் படித்தான். இன்று அவனே ஒரு பட்டறை வைத்திருக்கிறான். என் வீராவைக் கடைசியில் பாகம் பாகமாகக் கழற்றி விற்றுக் கொடுத்தவனும் அவன்தான். 11,000-இல் திரும்பி வந்தது 3,500 வெள்ளி.

அவனுக்குக் கார் கிடைத்ததோடு ஒரு தொழிலும் கிடைத்தது. எனக்கு ரம்புத்தான் மரத்தடியில் ஒரு கோழிக்கூண்டு கிடைத்தது.

என் தீர்ப்பு

அப்படியானால் செய்வதே மேலா? அவசரப்படாதீர்கள். வீட்டில் இருப்பது அந்த ஒரே கார் என்றால், அம்மாவை கூலிம் மருத்துவமனைக்கு அதில்தான் கூட்டிப்போக வேண்டும் என்றால், செய்யாதீர்கள், வாங்குங்கள். பதினான்கு மாதம் ஜாக்கியில் நிற்கும் காரை நம்பி ஒரு குடும்பம் இருக்க முடியாது. வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறது, பணம் ரொக்கமாக இருக்கிறது, கற்றுக்கொள்ளும் பொறுமையும் இருக்கிறது என்றால், தாராளமாகச் செய்யுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு மூன்று வார்த்தை. முன்பணம் கொடுப்பதற்கு முன் கிராண்டைக் கையில் வாங்கி, எஞ்சின் பிளாக்கில் அடித்த எண்ணையும் சேஸி எண்ணையும் டார்ச் அடித்து ஒப்பிடுங்கள். பரிசோதனை தேறிய பிறகே முழுப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். பிரேக்கைப் பார்க்காமல் எஞ்சின் சத்தத்துக்கு மயங்காதீர்கள்.

இதில் மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. புரோட்டான் புத்ராவும் சத்ரியா ஜிடிஐயும் தொழிற்சாலையிலேயே 1.8 இரட்டை கேம்ஷாப்ட் எஞ்சினோடு பிறந்தவை. எஞ்சின், பிரேக், பத்திரம் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வயதான கார்கள்தான், துருவைப் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் கிராண்டும் எஞ்சினும் சண்டை போடாது.

பெற்றோர்களே, பழைய காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. அந்த இடத்தில்தான் ஆலோங் வந்து நிற்கிறான். மகன் கார் ஆசையைச் சொன்னால் முதல் வார்த்தையிலேயே விரட்டாதீர்கள். விரட்டினால் அவன் ஆசை போகாது, உங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகும். பணம் எங்கிருந்து வருகிறது, கிராண்டு எங்கே என்று இரண்டு கேள்வி கேளுங்கள். எனக்கு அன்று அதைக் கேட்க ஆளில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட வேறு காரணம் சொல்லித்தான் கூட்டுப் பணத்தை வாங்கினேன்.

அந்தப் பணத்தை மாதம் நூறு வெள்ளியாக நான் திருப்பிக் கட்டி முடித்தபோது எனக்குத் தொலைக்காட்சி வேலை கிடைத்துவிட்டிருந்தது. தம்பிகளே, நீங்கள் செய்தாலும் சரி, வாங்கினாலும் சரி, பானெட்டைத் திறப்பதற்கு முன் கிராண்டைத் திறந்து பாருங்கள்.