இணையத்தில் அத்துவித நூல்கள்

ஞானநூல்களை ஏட்டிற் காத்து, பக்குவம் நோக்கி மாணாக்கர்க்கு உணர்த்துதல் முன்னோர் மரபு. இக்காலத்தில் அவை இணையத்தில் எளிதிற் கிடைக்கின்றன. 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம், பல நாட்டுத் தமிழன்பர்தம் உழைப்பால், சிவஞானபோதம் முதலிய சாத்திரங்களைக் கட்டணமின்றி வழங்குகின்றது. கடல் கடந்து வாழும் அடியார்க்கு இது பெரும்பேறு.

எனினும், 'அத்துவிதம்' என்று தேடுவோர் முன் வேதாந்த நூலும் சித்தாந்த நூலும் ஒருங்கே வந்து நிற்கும். சொல் ஒன்று, பொருள் வேறு. சங்கரர் கொள்கையில் உயிர் பிரமமே. இரண்டாவது மெய்ப்பொருள் இல்லை. மெய்கண்டார் கொள்கையில் இறையும் உயிரும் பொருளால் இரண்டு. பிரிப்பின்றிக் கலந்து நிற்றலால் இரண்டல்ல. முன்னது இன்மை கூறும்; பின்னது அன்மை கூறும். இவ்வேறுபாடு அறியாதார், ஈரிடத்துத் தொடர்களையும் கலந்து படித்து, 'நானே சிவன். எனக்கு வழிபாடு எதற்கு?' என மயங்குவர். சங்கரர் மரபினரும் வழிபாட்டை விலக்கினாரல்லர் என்பதை அவர் அறியார்.

ஆதலின், மூலத்தை இணையத்திற் காண்போர், அஃது எந்நெறி நூலென முதற்கண் தெளிக. சிவஞானபோதத்திற்குச் சிவஞான முனிவர் மாபாடியம் போல, அந்நெறிக்குரிய உரையை உடன்வைத்து ஓதுக. ஐயத்தை ஆசிரியர்பால் வினவுக. குடமுழுக்குக் கண்ட இத்திருக்கோயில் மண்டபத்தில் அன்பர்கள் வாரந்தோறும் கூடிப் பாடங்கேட்பின், எளிதிற் பெற்ற நூல் உரிய பயனைத் தரும்.

திருச்சிற்றம்பலம்.